மேடையில் யாரை ஏற்றுவது?

கேள்வி, மார்ச் 1, 2024

பெண்கள் உரிமைக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பாடுபட்ட ஒருத்தரை மார்ச் 8 அன்னிக்கு எங்க கல்லூரிக்கு வரவழைச்சு மரியாதை செய்யணும். நாட்டு நலப்பணித் திட்டத்துல பொறுப்பை எங்க ஆறு பேர்கிட்ட விட்டிருக்காங்க. பொன்னாடை, கேடயம் ரெண்டுக்கும் பணம் ஒதுக்கியாச்சு. அப்படிப் போராடினவங்க எல்லாம் பழைய காலத்து ஆளுங்க, இப்போ யாரும் இல்லைன்னு வகுப்புல சொல்றாங்க. யாரைக் கூப்பிடலாம்?

மார்ச் 1, இரவு

இப்போ யாரும் இல்லைங்கறது தப்பு. அதுக்குப் பிறகு வர்றேன். முதல்ல பழைய காலத்து ஆளுங்களையாவது நமக்குத் தெரியுமா?

நான் ஒரு கல்லூரி அலுவலகத்துல வேலை பார்க்கறேன். புதுமைப் பெண் திட்டத்துக்கு வர்ற விண்ணப்பம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்ச பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய். அதோட முழுப் பேரு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். போன வாரம் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்த பொண்ணு ஒண்ணு பேரை ரெண்டு தரம் வாசிச்சுப் பார்த்துட்டு, "மேடம், இவங்க யாரோட அம்மா?"ன்னு கேட்டுது. பக்கத்துல நின்னவ, "யாராச்சும் மந்திரி வீட்டு அம்மாவா இருக்கும்டி"ன்னா. ரெண்டு பேருக்கும் மாசாமாசம் அந்தப் பேர்லதான் பணம் ஏறுது.

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தவங்க அவங்கன்னு சொல்லி அனுப்பினேன். உங்க விழாவுல அந்தப் பேருக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஆளைத் தேடறது அப்புறம்.

மார்ச் 2

நேத்து நான் சொன்னது சரியில்ல. அந்தப் பொண்ணுகிட்டயும் தப்பாத்தான் சொல்லியிருக்கேன், நாளைக்குக் கூப்பிட்டுத் திருத்தணும்.

சட்டசபை வேலையைச் செஞ்சவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில 1886-ல் பிறந்தவங்க. அம்மா சந்திரம்மாள் இசைவேளாளர் குடும்பம். ஆம்பளைப் பிள்ளைங்க மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில ராஜாவோட அனுமதியில சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினாங்க. சட்டசபைக்குப் போனதும் கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடறதைத் தடுக்கணும்னு 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தாங்க. முழுச் சட்டமா ஆனது 1947-ல். நடுவுல எத்தனை வருஷம் பாருங்க!

இராமாமிர்தம் அம்மா அந்தச் சபைப் பக்கமே போனதில்ல. அவங்க வேலை வெளியில. ஊர் ஊராப் போய், பொட்டுக்கட்டின பெண்கள்கிட்டயே உட்கார்ந்து பேசி, வெளியில வாங்கன்னு கூப்பிட்டு, கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அவங்களும் அதே குடும்பங்கள்ல வளர்ந்தவங்கதான். 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'னு ஒரு நாவலும் எழுதினாங்க. ஒருத்தர் சட்டத்துக்குப் பாடுபட, ஒருத்தர் ஊருக்குள்ள மனசை மாத்தப் பாடுபட்டாங்க. ரெண்டையும் ஒரே ஆள் தலையில வெச்சது என் தப்பு.

மார்ச் 2, கொஞ்சம் கழிச்சு

இன்னொரு திருத்தம். இராமாமிர்தம் அம்மா மூவலூர்ல பிறந்தவங்கன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். பிறந்தது திருவாரூர் (1883), வளர்ந்தது மூவலூர். மயிலாடுதுறைக்கு ரொம்பப் பக்கம். நான் பஸ்ல போற வழி அது, இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஜன்னல் வழியா அந்த நினைப்போட பார்த்ததில்ல.

மார்ச் 3

ஒருத்தர் கேட்டிருக்கார்: பெண்களைச் சம்பிரதாயத்துல இருந்து விடுவிக்கப் பாடுபட்ட அம்மா பேர்ல தாலிக்குத் தங்கம் கொடுத்தாங்களே, அது என்ன மரியாதை?

இதுக்கு நிதானமாப் பதில் சொல்லணும். அந்தத் தங்கத்தை வாங்கினவ நான்.

2022-க்கு முன்னால அந்தப் பேர்ல இருந்தது திருமண உதவித் திட்டம், 1989-ல் ஆரம்பிச்சது. பொண்ணு குறைஞ்சது இவ்வளவு படிச்சிருக்கணும், 18 வயசு ஆகியிருக்கணும், அப்போதான் பணம். எனக்கு 2015-ல் கல்யாணம். பட்டதாரிங்கறதால 50,000 ரூபாயும் 4 கிராம் தங்கமும் வந்துது. வேலைக்கு வந்து ரொம்ப நாள் வரைக்கும், கல்யாணத்துக்குக் காசு கொடுக்கறது என்ன பெண் விடுதலைன்னு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்போ அப்படிக் கேக்க வாய் வரல. படிப்பையும் வயசையும் நிபந்தனையா வெச்ச அந்த ஒரு வரி எங்க வீட்டுத் திண்ணையில என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்.

நாளைக்கு எழுதறேன், குழந்தை அழுவுது.

மார்ச் 5

நேத்து முடியல. சொல்றேன்.

2007. நான் ஒன்பதாவது முடிக்கப் போறேன், வயசு 14. தாய்மாமனுக்கு 28. வைகாசியில தேதி குறிச்சாச்சு. அப்போ குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் போட்டிருந்தாங்க, 2006-ல், ஆனா அமலுக்கு வந்தது 2007 நவம்பர்ல. அதுக்கு முன்னால இருந்த 1929 சட்டப்படியும் 18 ஆகணும். எங்க ஊர்ல சட்டத்தைப் பத்தி யாரு நினைச்சா. பத்திரிகை அடிக்க ஆள் போயாச்சு.

எங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்தவங்களை நாங்க 'சத்துணவு டீச்சர்'னு கூப்பிடுவோம். புருஷன் இல்லாதவங்க, சின்ன வயசுலயே. அந்த வேலையில அப்படிப்பட்டவங்களுக்குத்தான் முன்னுரிமை கொடுத்தாங்க. ஒருநாள் பொழுது சாயற நேரம் எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்தாங்க. தண்ணி கேட்டுக் குடிச்சாங்க, மழையைப் பத்திப் பேசினாங்க, போயிட்டாங்க. மறுநாளும் வந்தாங்க. அன்னிக்குத்தான் விஷயத்தை எடுத்தாங்க. எங்கப்பா, "சோறு போடறது உன் வேலை, அதைப் பாரு"ன்னார். அவங்க குரல் உசரல. "ஆமாண்ணே. ஒண்ணாவதுல இருந்து நான் போட்ட சோத்துல வளர்ந்த புள்ள. அந்த உரிமையிலதான் கேக்கறேன். பத்தாவது முடிக்கட்டும்."

அப்பா துண்டை உதறிட்டு எழுந்து போயிட்டார்.

மூணாவது நாள் அவங்க கையில ஒரு பழைய நோட்டு. ஊர்ல எந்தெந்த வீட்டுப் பொண்ணுக்குத் திருமண உதவிப் பணம் வந்துதுன்னு பேர் பேரா எழுதி வெச்சிருந்தாங்க. "பத்தாவது படிச்சு, 18 முடிஞ்சா அரசாங்கமே தருதுண்ணே. இப்போ பண்ணினா ஒரு ரூபா கிடையாது. உள்ள போறதுக்கும் வழி இருக்கு." பணம் வருதுங்கறதும், கடைசியா சொன்ன அந்த வார்த்தையும் சேர்ந்து வேலை செஞ்சுது. அப்பா கணக்குப் போடற ஆளு. கல்யாணம் தள்ளிப் போச்சு. பத்தாவதுல 431 எடுத்தேன். அப்புறம் தாய்மாமனுக்கு வேற இடத்துல முடிஞ்சுது.

அந்த மூணு நாளும் அம்மா அடுப்படியில முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு வார்த்தை பேசல. எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம். அதை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. முழுசா மன்னிச்சேனான்னும் தெரியல.

டீச்சருக்கு என்ன ஆச்சுன்னா, எங்க தெருவுல நாலஞ்சு வீடு அவங்களோட பேச்சை விட்டுச்சு. மாமன் வீட்டாளுங்க பள்ளிக்கூடத்துக்கே வந்து கத்தினாங்க. முட்டைக் கணக்குல தப்புன்னு மொட்டைக் கடுதாசி போச்சு, விசாரணைக்கு ஆள் வந்தாங்க. ஒரு முட்டை குறையல. ஆனா அந்த ஒரு மாசம் அவங்க தூங்கியிருப்பாங்களா?

கேள்வி கேட்ட தங்கச்சி, யாரைக் கூப்பிடலாம்னு கேட்டியே. உன் ஊர்ல, உன் பள்ளிக்கூடத்துல இப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. பொன்னாடையைத் தூக்கிப் போடு. அதுக்கும் பெண் உரிமைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மார்ச் 6

"இப்போ யாரும் இல்லை"க்கு வர்றேன்னு சொன்னேன்ல.

என் தங்கச்சி ஒரு துணிக்கடையில மூணு வருஷம் வேலை பார்த்தா. காலையில 9:30-லிருந்து ராத்திரி 9 மணி வரை நிக்கணும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்துலயும் உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்து காலைச் சுவத்துல தூக்கி வெச்சுக்கிட்டுப் படுப்பா. கணுக்கால்ல விரலை அழுத்தினா குழி விழும், குழி நிரம்ப நேரம் ஆகும். கோழிக்கோட்டுல விஜின்னு ஒரு தையல்காரம்மா, 'பெண்கூட்டு'ங்கற சங்கத்தோட சேர்ந்து, கடையில வேலை பார்க்கிற பெண்களுக்கு உட்கார இடம் கொடு, கழிப்பறை கொடுன்னு வருஷக்கணக்கா நின்னாங்க. கேரளாவுல 2018-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. 2021-ல் தமிழ்நாட்டுலயும் வந்துது, கடையில வேலை பார்க்கிறவங்களுக்கு இருக்கை கொடுத்தாகணும்னு. தங்கச்சி வேலை பார்த்த கடையில இப்போ ஸ்டூல் போட்டிருக்காங்களாம். அதுல உட்காருற பிள்ளைக்கு விஜி யாருன்னு தெரியாது.

உங்க கல்லூரி அறிவிப்புப் பலகையில பாலியல் தொல்லை பத்திப் புகார் கொடுக்கற உள் புகார்க் குழுன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கும், போய்ப் பாரு. அது வந்த கதை இது. ராஜஸ்தான்ல பட்டேரிங்கற கிராமத்துல பன்வாரி தேவின்னு ஒருத்தர், அரசாங்கத் திட்டத்துல 'சாத்தின்'ங்கற (தோழின்னு அர்த்தம்) வேலையில இருந்தவங்க. 1992-ல் ஒன்பது மாசக் குழந்தைக்கு நடக்க இருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனாங்க. அதுக்குப் பழியா அவங்களைக் கூட்டா வன்புணர்வு செஞ்சாங்க. கீழ்க்கோர்ட் 1995-ல் குற்றம் சாட்டப்பட்டவங்களை அந்தக் குற்றத்துல இருந்து விடுவிச்சுது. அவங்களுக்கு நடந்த கொடுமையைப் பார்த்துக் கொதிச்ச பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதாலதான், வேலையிடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-ல் விசாகா நெறிமுறைகள், 2013-ல் சட்டம். நம்ம எல்லாருக்கும் பாதுகாப்பு வந்தது. அவங்களுக்கு நியாயம் வரல.

எழுதும்போதே எனக்கு டீச்சர் ஞாபகம். ஒரே வேலை, ஒரே துணிச்சல். எங்க ஊர்ல மொட்டைக் கடுதாசியோட போச்சேன்னு நினைக்கத் தோணுது, அப்படி நினைக்கறதும் நியாயமில்ல.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவைப் பத்தியும் படி. கீழ்வெண்மணியில 1968 டிசம்பர் 25 அன்னிக்கு 44 பேர் எரிஞ்சு செத்த பிறகு எங்க கீழத்தஞ்சைக்கு வந்தவங்க. நிலத்தை வாங்கி, கூலிக்கு நடவு நட்ட பெண்கள் பேர்லயே பட்டா போட வெச்சாங்க. கணவன் பேர்ல இல்ல, பொம்பளை பேர்ல. அந்தப் பட்டா இல்லாம உரிமைன்னு பேசறது வெறும் பேச்சுன்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும்.

மார்ச் 7

பெங்களூர் நாகரத்தினம்மாளை விட்டுட்டீங்களேன்னு ஒருத்தர் காட்டமாக் கேட்டிருக்கார். நியாயம். எனக்கும் அது ரொம்ப நாளா உறுத்தற விஷயம்.

அவங்களும் தேவதாசி மரபுல வந்தவங்க, பாடகி. முத்துலட்சுமி அம்மா கொண்டுவந்த ஒழிப்பை எதிர்த்தவங்க. எங்க கலையையும் எங்க சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்கறீங்கன்னு அவங்க பக்கம் இருந்த பெண்கள் சொன்னாங்க. அதே நாகரத்தினம்மாள்தான் திருவையாத்துல தியாகராஜருக்குச் சொந்தக் காசுல சமாதிக் கோயில் எழுப்பி, அங்கேயே பெண்கள் பாடக் கூடாதுன்னு சொன்ன ஆம்பளைங்களோட மல்லுக்கு நின்னு, பெண்களுக்குன்னு தனிக் குழு சேர்த்துப் பாட வெச்சவங்க. முத்துப்பழனிங்கற தஞ்சைக் கவிஞை எழுதின தெலுங்குக் காவியத்தை 1910-ல் பதிப்பிச்சு, அரசாங்கம் தடை பண்ணினப்பவும் அசரல.

இவங்களை எந்தப் பக்கம் வைக்கறது? முத்துலட்சுமி அம்மா, இவங்க ரெண்டு பேரும் பெண்களுக்காகத்தான் பேசினாங்க, ஆனா எதிரெதிரா நின்னு. பொட்டுக்கட்டற வழக்கம் போனது நல்லதுன்னுதான் நான் இன்னிக்கும் சொல்வேன், சின்னப் பிள்ளையோட சம்மதம்னு ஒண்ணு அதுல கிடையாது. ஆனா அதுக்குப் பிறகு அந்தப் பெண்கள் கையில இருந்த ஆட்டமும் பாட்டும் வேற வீடுகளுக்குப் போய் மரியாதையாச்சு, அவங்களுக்கு மரியாதை திரும்பல. நாகரத்தினம்மாள் பயந்தது வீணாப் போகல.

மார்ச் 7, இரவு

எதையோ தேடும்போது இது மறுபடி கண்ணுல பட்டுது. 1938 நவம்பர் 13, சென்னையில தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. தலைமை நீலாம்பிகை அம்மையார். தருமாம்பாள், மீனாம்பாள் சிவராஜ், நம்ம இராமாமிர்தம் எல்லாம் இருந்த கூட்டம். ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்'னே அழைக்கணும்னு தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மறுநாளே அதுல சிலர் இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் போய்ச் சிறைக்குப் போனாங்க. இராமாமிர்தம் அம்மாவுக்கு அப்போ 55 வயசு. அதே வருஷம்தான் திருச்சியில இருந்து சென்னை வரைக்கும் நடந்து வந்த இந்தி எதிர்ப்புப் படையிலயும் நடந்திருந்தாங்க.

அந்த மாநாட்டுப் பெண்கள் வெச்ச 'பெரியார்'ங்கற பேரு தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும். வெச்சவங்க பேரைக் கேட்டா எத்தனை பேர் சொல்வோம்? நம்ம ஊர்ல பெண்களை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்யறோம். பெண்கள் மத்தவங்களுக்குச் செஞ்ச மரியாதை வரலாறு ஆயிடுது, செஞ்ச கை காணாமப் போயிடுது. இதை மட்டும் நாளைக்கு யாராவது மைக்ல சொன்னாப் போதும்.

மார்ச் 8

கேள்வி கேட்ட தங்கச்சி செய்தி அனுப்பியிருந்தா. அவங்க ஊர்ல முப்பது வருஷமா பிரசவம் பார்த்த கிராமச் செவிலியரைக் கூப்பிட்டாங்களாம். ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சா கலைக்கச் சொல்லி வந்தவங்களைத் திட்டி அனுப்பினவங்களாம். முன்வரிசையில அவங்க பிரசவம் பார்த்துப் பிறந்த பிள்ளைகளே நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்களாம். எனக்கு இதைவிட வேற சந்தோஷம் வேணாம்.

மார்ச் 11

நேத்து ஞாயிறு. டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்கு எல்லாம் எழுதறேன், நான் போய்ப் பார்த்து அஞ்சு வருஷம் ஆச்சுங்கற வெட்கத்துல போனேன்.

66 வயசு. சத்துணவுல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவங்க. இப்போ 2024-ல் அவங்களுக்கு வர்ற சிறப்பு ஓய்வூதியம் மாசம் 2,000. அதுல மருந்துக்கே பாதி. எங்க கல்லூரி விழாவுக்கு ஒருநாள் வாங்க டீச்சர்னேன். சிரிச்சாங்க. அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாங்க. உள்ள மடிப்புக் கலையாத பொன்னாடை, அரக்குக் கலர், ஓரத்துல ஜரிகை. ஓய்வு பெற்ற அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல போட்டது. நடுவுல நாலு ரசகற்பூர உருண்டை வெச்சிருந்தாங்க. "முப்பது வருஷத்துல இது ஒண்ணுதான். பூச்சி அரிச்சிடக் கூடாது பாரு"ன்னு சொல்லி, தடவிட்டு, மறுபடி அதே மடிப்புல மடிச்சு வெச்சாங்க.

மார்ச் 5-ல் பொன்னாடையைத் தூக்கிப் போடுன்னு எழுதினேன். அதைத் திருப்பி வாங்கிக்கறேன். அது யாருக்கு எத்தனாவது பொன்னாடைங்கறதைப் பொறுத்தது. நூறு வாங்கினவங்களுக்குப் போடாதீங்க. ஒண்ணும் வாங்காதவங்களுக்குத் தேடிப் போய்ப் போடுங்க. நல்லதா வாங்கிப் போடுங்க.

இன்னொரு விஷயமும் சொன்னாங்க. அதை எழுதலாமான்னு அம்மாவைக் கேக்கணும்.

மார்ச் 17

கேட்டேன்.

டீச்சர் சொன்னது இதுதான். நான் நினைச்சிருந்த மாதிரி அவங்களுக்கு ஊர்ப்பேச்சுல தெரியவரல. எங்க கல்யாணத் தேதி குறிச்ச மறுநாள் காலையில, பள்ளிக்கூடத்துச் சமையல் ஆயா வந்து அவங்க காதுல போட்டிருக்காங்க. ஆயாகிட்டச் சொன்னது எங்கம்மா. தண்ணிக் குழாயில குடம் ரொம்பற நேரத்துல, தலையை நிமிராம, "டீச்சரை ஒரு நடை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு தெரிய வேணாம்"னு சொல்லியிருக்காங்க. முதல் நாள் டீச்சர் தண்ணி குடிச்சிட்டுச் சும்மா போனது அப்பாவைப் பார்த்துப் பயந்து இல்லையாம். உள்ள இருந்து செம்பைக் கொடுத்த அம்மா கண்ணைப் பார்த்துட்டுப் போகத்தான். நோட்டுல இருந்த பேரெல்லாமும் அம்மா சொல்லி ஆயா வழியா வந்ததுதான்.

அடுப்படியில முதுகைக் காட்டிக்கிட்டு நின்னது ஏன்னு இப்போ புரியுது. திரும்பினா மூஞ்சியில தெரிஞ்சிடும்.

பதினேழு வருஷம் மூணு பொம்பளைங்க வாயைத் திறக்கல. ஆயா இப்போ இல்ல. அப்பா இருக்கார், நல்லாத்தான் இருக்கார், அவருக்கு இன்னிக்கும் தெரியாது.

போன்ல கேட்டப்போ அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அதெல்லாம் அந்த டீச்சர் பண்ணினது. எழுதறதுன்னா எழுதிக்க. ஊர்ப் பேரு மட்டும் போடாத"ன்னாங்க.

மார்ச் 5 குறிப்புல இருந்த ஊர்ப் பேரை எடுத்துட்டேன்.